அந்தச் சுரங்கத்தில் கப்பல் இல்லை

தங்கச்சி,

நேற்று மழை விட்டதும் வடலூர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நிலக்கரி ஏற்றிய லாரி ஒன்று, தார்ப்பாய் சரியாகக் கட்டாமல், என்னை உரசுவது போலப் போனது. நனைந்த பழுப்பு நிலக்கரியின் வாசனை உங்களுக்குத் தெரியும். தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிய விறகை அடுப்பில் வைத்தால் வருமே, அந்த வாசனை. உங்கள் புடவைகளில் ஏறிய அது, பாளையங்கோட்டைக்குப் போய் மூன்று தடவை வெளுக்கப் போட்டும் போகவில்லை என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் காலமாகிவிட்டதாக உங்கள் தம்பி எழுதிய கார்டு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. வந்து நாலு நாள் ஆகிறது. பதில் எழுதக் கை வராமல் கூடவே எடுத்துக்கொண்டு திரிந்தேன். லாரி போன பிறகுதான், எழுத வேண்டியது உங்கள் தம்பிக்கு இல்லை, உங்களுக்குத்தான் என்று பட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அந்த வாசனை நெய்வேலிக்கு முன்பே பழக்கம். அதை நான் முதலில் சொன்னது உங்களிடம்தான்.

நெய்வேலியில் கரி முதன்முதலாக வெளியே தெரிந்த அன்று, கூடியிருந்த ஜனமெல்லாம் ஆளுக்கொரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தது. யாரோ சூடம் கொளுத்தினார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எங்கள் ஊர் இருந்த இடம் அது. எங்கள் வீடும், முந்திரித் தோப்பும், ஏரியும் இருந்த மண்ணுக்கு அடியில், ஜெர்மனியில் யுத்தக் கைதியாக நான் வெட்டிய அதே கரி இருந்திருக்கிறது. நான் பட்டாளத்துக்குப் போய் வந்தவன் என்று எல்லாருக்கும் தெரியும். ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, இத்தாலி வழியாக ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இரண்டு குளிர்காலம் கழித்தேன் என்பது என் மனைவி தனத்துக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும்.

நீங்கள் அப்போது ஜெர்மன் இன்ஜினியர்களின் ஆபீஸில் ஸ்டெனோ. இருபத்துநாலு வயது. அவர்கள் பேசுவதைக் காதில் வாங்கியும், தபாலில் பாடம் வரவழைத்துப் படித்தும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டவர். ஒருநாள் ஷிப்ட் முடிந்து கான்டீன் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லி, "நீங்கதானா அண்ணாச்சி?" என்று கேட்டீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர், நான் ரிட்டையர் ஆகும்வரை போகவில்லை.

உங்கள் கையில் இருந்தது இரண்டு தடவை திரும்பிப் போன காகிதம். மேற்கு ஜெர்மனியில் ஒரு கோர்ட்டில், யுத்த காலத்தில் கைதிகளைக் கொன்றதாக ஒரு காவல் அதிகாரி மேல் வழக்கு நடந்தது. பார்த்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களுடைய சாட்சியத்தை வாங்கி அனுப்புமாறு பல சர்க்கார்களுக்கு அந்தக் கோர்ட்டு எழுதியிருந்தது. டெல்லி மதராசுக்கு அனுப்பி, மதராஸ் ஜில்லாவுக்கு அனுப்பி, என் ஊருக்கு சம்மன் வந்து சேர்ந்தபோது ஊரே இல்லை. "கிராமம் சுரங்கத்துக்கு எடுக்கப்பட்டது" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவை கம்பெனிக்கே வந்தது. கூட ஜெர்மன் காகிதங்கள் இருந்ததால், என்ன ஏது என்று படித்துச் சொல்ல உங்கள் மேஜைக்கு வந்துவிட்டது. நாங்கள் விடுதலையான அன்று ஒரு வெள்ளைக்கார ஆபீசர், செத்தவன் பெயரைக்கூடக் கேட்காமல், அவசரமாக எழுதிய அரைப்பக்க வாக்குமூலமும் அதில் இருந்தது. அடியில் என் கையெழுத்து. இத்தனை வருஷம் அது எந்த அலமாரியில் கிடந்ததோ!

நான் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். "இது நான் இல்லீங்க. இந்தப் பேர்ல சுத்துப்பட்டுல நாலு பேரு இருக்கான்" என்றேன்.

நீங்கள் வாதாடவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னீர்கள். "சரி அண்ணாச்சி. அந்த ஆளைப் பாத்தா ஒண்ணு சொல்லுங்க. இந்த வழக்குல செத்துப்போன எல்லாருக்கும் பேர் இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் இல்ல. பெயர் தெரியாத இந்தியக் கைதின்னு போட்டிருக்காங்க."

அதைச் சொல்லிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். மறுநாள் காலை டியூட்டிக்குப் போகிற வழியில் சைக்கிளை உங்கள் ஆபீஸ் பக்கம் திருப்பினேன். பூட்டைத் திறந்துகொண்டிருந்தீர்கள். "அவன் பேரு ராமலிங்கம்" என்றேன். "வடலூரு."

சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். எதிரே இருந்த மரத்தடியில் உட்கார்ந்து நான் சொன்னேன். நானும் ராமலிங்கமும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், ஒரே நாளில் பிடிபட்டவர்கள். இரண்டாவது குளிர்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடே வேலைக்கு இறக்கினார்கள். ஒரு மத்தியானம் சரிவில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். கரி வெட்டும் பெரிய மிஷினின் நடைபாதையில் அந்த அதிகாரி நின்றிருந்தான். எழுந்திருக்கச் சொல்லி ஒருமுறை கத்தினான். பிறகு சுட்டான். நான் கீழே, கையில் மண்வெட்டியோடு, பத்தடி தள்ளி இருந்தேன். குனிந்து வேலையைத் தொடர்ந்தேன்.

ஊர் திரும்பியதும் அவன் அம்மாவிடம், காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல்லியிருந்தேன். அதையும் உங்களிடம் சொன்னேன்.

தனத்துக்கு இது பிடிக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நிலம் போய், வீடு போய், மூன்று வருஷம் கான்ட்ராக்டில் மண் சுமந்துவிட்டு, சில மாதமாகத்தான் மிஷினில் தற்காலிக உதவியாளாக இருந்தவன் நான். புது மிஷினுக்கு ஆபரேட்டர் எடுக்க ஜெர்மன்காரர்கள் ஆள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. என் பெயரும் லிஸ்டில் இருந்தது. "அவங்க மிஷினுக்கு ஆளு எடுக்கறாங்க, நீ அவங்க ஆளு மேலயே சாட்சி சொல்லப் போறங்கற. பர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் போயேன்" என்றாள். கோர்ட்டு அதுவரை காத்திருக்காது என்றேன்.

உங்களுக்கும் அதே பயம் இருந்திருக்கும். நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை. உங்கள் மேலதிகாரி, நாங்கள் சிவப்புத் தொப்பி என்று பெயர் வைத்திருந்த அந்த நெட்டையான இன்ஜினியர், எதற்கும் முகம் கொடுக்காத மனிதர். அவரிடம் நேரே போய், இந்த வழக்கில் சாட்சிக்கு உதவப்போகிறேன் என்று சொல்லிவிட்டீர்களாம். அவர் ஆபீஸ் நேரத்தில் கூடாது என்றாராம். நீங்கள் வாசல் வரை வந்ததும் கூப்பிட்டு, நாலரை மணிக்கு மேல் டைப்ரைட்டரும் பெரிய அகராதியும் சும்மாதான் இருக்கும் என்றாராம். அது சம்மதமா, இல்லையா என்று தெரியாமல் நாம் இருவரும் குழம்பினோம்.

சாட்சி சொல்வதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ராமலிங்கத்தின் அம்மாவைப் பார்க்கப் போனேன். தனியாகப் போக தைரியம் இல்லாமல் உங்களைத் துணைக்கு அழைத்தேன். வடலூரில் சபைக்குப் போகிற வழியில் அந்த அம்மா பூக்கடை வைத்திருந்தார்கள். கடை ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர்கள் கட்டிக்கொண்டிருந்த சரத்தை நிறுத்தவில்லை.

"காய்ச்சல்ல போனான்னு நீ சொன்னப்ப, கடசியா தண்ணி கேட்டானான்னு ஒன்ன கேட்டேன். நீ பதில் சொல்லல. அன்னிக்கே தெரியும்" என்றார்கள். அடுத்த பூவை எடுத்துக்கொண்டே, "போயி சொல்லு. அவன் பேரச் சொல்லு, அப்பன் பேரயும் சேத்து சொல்லு. பேரு தெரியாதவன்னு எவனும் எழுதக்கூடாது."

திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு வந்தீர்கள். மந்தாரக்குப்பம் வந்த பிறகுதான் மூக்கைச் சிந்திக்கொண்டு, கேள்விகளை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றீர்கள்.

கோர்ட்டுக்கு உங்களை யாரும் கூப்பிடவில்லை. சம்மன் எனக்கு மட்டும்தான். நீங்கள் லீவு போட்டுவிட்டு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். மாஜிஸ்திரேட் ரிட்டையர் ஆகும் வயதை நெருங்கிய மனிதர், சிரிப்பு என்பதே கிடையாது. ஜெர்மன் கோர்ட்டின் கேள்விகளை யாரோ எங்கோ இங்கிலீஷில் பெயர்த்து அனுப்பியிருந்தார்கள். அதை குமாஸ்தா தமிழில் கேட்க, நான் பதில் சொல்ல வேண்டும். முதலில் அந்த அதிகாரியைக் காட்டச் சொல்லி ஆறு போட்டோக்களைப் பரப்பினார்கள். நாலாவதில் விரலை வைத்தேன். ராமலிங்கத்தின் பெயரையும், அவன் அப்பா பெயரையும், ஊரையும் சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

அடுத்து ஒரு கேள்வி வந்தது. "எதிரி தூர்வாரும் கப்பலின் மேல்தட்டில் நின்று சுட்டதை நீர் பார்த்தீரா?"

எதிரி என்றால் அந்த அதிகாரி, அது புரிந்தது. மற்றது ஒன்றும் புரியவில்லை. "கப்பலாங்க? அங்க கப்பல் ஏதுங்க. கடலே கெடையாதுங்க" என்றேன்.

குமாஸ்தா இன்னொரு தடவை படித்தார். நான் இன்னொரு தடவை இல்லை என்றேன். "பார்க்கவில்லை" என்று டைப் அடித்தார்கள். அந்தக் கேள்விப் பட்டியலிலேயே ஒரு குறிப்பு இருந்தது. இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், மீதிக் கேள்விகளைக் கேட்க வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆயிற்று, கையெழுத்து வாங்குங்கள் என்றார். இருபது வருஷம் வயிற்றில் வைத்திருந்தது, ஒரு கப்பலால் முடிந்துபோகப் பார்த்தது.

அப்போதுதான் நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"அய்யா, அது கப்பல் இல்ல."

கோர்ட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் யார், எதற்குப் பேசுகிறீர்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லி, ஜெர்மன் மூலத்தில் அந்த இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்று மட்டும் பார்க்க அனுமதி கேட்டீர்கள். அவர் யோசித்தார். பிறகு உங்களைக் கூண்டில் ஏற்றி, மொழிபெயர்ப்பாளர் என்று சத்தியப் பிரமாணம் வாங்கி, காகிதத்தைக் கொடுத்தார்.

"இதுல 'பாகர்'னு இருக்கு அய்யா. துறைமுகத்துல அந்தச் சொல்லுக்குத் தூர்வாரும் கப்பல்னு அர்த்தம். சுரங்கத்துல அது மண் வெட்டுற மிஷின். எங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நூறு தடவை இந்தச் சொல்லைக் கேக்கிறேன். அண்ணாச்சி தினமும் வேலை செய்யறது அதுலதான்."

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். "ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் சொல்றீங்க. எது சரின்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றார்.

"மைன்ஸுக்கு வாங்க அய்யா" என்றீர்கள். "அதுல ஒரு ஆள் நிக்கிற இடம் இருக்கு. பாத்தாத் தெரியும்."

ஒரு மாஜிஸ்திரேட்டைப் பார்த்து வாருங்கள் என்று சொன்ன பெண்ணை அந்தக் கோர்ட்டு அதுவரை கண்டதில்லை போலிருக்கிறது. குமாஸ்தா நாக்கைக் கடித்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் மீதிக் கேள்விகளைப் புரட்டினார். அதில் எதிரி தரப்பு வக்கீலின் கேள்வி ஒன்று இருந்தது. அவ்வளவு உயரத்தில் நிற்கிறவனின் முகத்தைக் கீழே இருப்பவன் அடையாளம் கண்டிருக்கவே முடியாது என்பது அவர்கள் வாதம். அதை இரண்டு தடவை படித்துவிட்டு, விசாரணையை ஒத்திவைத்தார். வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா! வேட்டியை மடித்துக் கட்டிய கோர்ட்டு டவாலி ஒரு பக்கம், டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தா ஒரு பக்கம், வெள்ளைப் பேன்ட்டில் செம்மண் தெறிக்க மாஜிஸ்திரேட் நடுவில், சுரங்கச் சரிவில் இறங்கி வந்தார்கள். மண் வெட்டும் எங்கள் சக்கர மிஷின் முன்னால் வந்ததும் அவர் நின்றார். நாலு மாடிக் கட்டிடம் போல அது எழுந்து நின்றது. அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதையா கப்பல்னு எழுதினோம்" என்று குமாஸ்தாவைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான்.

இனி, முகம் தெரியுமா என்பது. ஒரு தென்னை உயரத்தில் இருந்த நடைபாதையைக் காட்டினேன். அதைவிட ஜெர்மனியில் பார்த்த மிஷின் சிறியது என்பதையும் சொன்னேன், மறைக்கவில்லை. உயரம் அதிகம் என்றால் பரீட்சை உனக்குத்தான் கஷ்டம், சரிதானா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சரி என்றேன். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். என்னோடு மாதக்கணக்கில் வேலை செய்த ஜெர்மன்காரர்களில் ஒருவர் மேலே போய் நிற்க வேண்டும், திரும்பிப் பார்த்து யார் என்று நான் சொல்ல வேண்டும். அதற்கு யார் வருவார்கள் என்று மைன்ஸ் மானேஜர் தயங்கினார். ஒரு ஜெர்மன்காரரைக் கூப்பிட்டு, கைதியைச் சுட்டவன் நின்ற இடத்தில் போய் நில் என்று எப்படிச் சொல்வது?

இரும்பு ஏணியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. திரும்பலாம் என்றார்கள்.

எல்லாருடையதையும் போலச் சாம்பல் நிற உடுப்பு. தொப்பி இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கேயும் பார்க்காமல் நின்றார். எனக்கு ஒரு நொடி ராமலிங்கம் உட்கார்ந்த சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு முகம் தெரிந்தது. "செவப்புத் தொப்பிக்காரருங்க. இந்த அம்மாவோட ஆபீசரு" என்றேன். யாரும் கேட்காமல் அவராகவே ஏறியிருந்தார்.

இரண்டாவது ஆளையும் சொன்னேன். மூன்றாம் தடவை திரும்பினபோது, உடுப்பு ஜெர்மன்காரருடையது, நிற்கிற தோரணை வேறாக இருந்தது. "அவரு ஜெர்மன்காரரே இல்லீங்க. நம்ம மின்சாரப் பிரிவு அய்யரு" என்றேன். சுற்றி நின்ற ஷிப்ட் ஆட்கள் கை தட்டினார்கள். மாஜிஸ்திரேட் சிரித்ததை நான் பார்த்தேன். அங்கேயே ஒரு பலகையில் டைப்ரைட்டரை வைத்து, பழைய பதிலைக் கோடு போட்டு அடித்து, அருகில் கையெழுத்துப் போட்டு, கேள்வியைத் திருத்திப் புதிதாகக் கேட்டார். "மண் வெட்டும் மிஷினின் நடைபாதையில் நின்று எதிரி சுட்டதை நீர் பார்த்தீரா?"

"பாத்தேங்க" என்றேன். என் ஊர் இருந்த மண்ணில் நின்று சொன்னேன்.

கீழே இறங்கி வந்த உங்கள் ஆபீசர் என் பக்கமாக வந்து, ஜெர்மனில் ஏதோ சொன்னார். நீங்கள் உடனே பெயர்க்கவில்லை. அவர் போன பிறகு சொன்னீர்கள். "எங்க ஆளுங்க எழுதற தீர்ப்புல நீங்க சொன்னது இருக்கணும்னு சொல்றார், அண்ணாச்சி." அடுத்த மாதம் ஆபரேட்டர் லிஸ்ட் வந்தது. என் பெயருக்கு எதிரே அவர் கையெழுத்து. தனம் அந்தக் காகிதத்தைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, எனக்குக் கேட்காதபடி அழுதாள்.

தீர்ப்பு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. பல தேசத்துச் சாட்சிகள், பல சர்க்கார்கள் அனுப்பிய கட்டுகள். அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை. தடித்த உறையில் உங்கள் பெயருக்குத்தான் நகல் வந்தது, மொழிபெயர்ப்பாளர் என்பதால். நீங்கள் அதை ஆபீஸில் பிரிக்கவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்தீர்கள். ஒரு பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினீர்கள். எனக்கு அந்த எழுத்துகள் தெரியாது. ஆனாலும் ராமலிங்கம் அங்கே இருந்தான், தெரிந்தது.

அன்றைக்கே மூன்று பேரும், தனமும்தான், வடலூருக்குப் போனோம். நீங்கள் அவன் அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னீர்கள். வடலூர் என்ற ஊரைச் சேர்ந்த, இன்னாருடைய மகன் ராமலிங்கம், நோயுற்று நிராயுதபாணியாக இருந்தபோது கொல்லப்பட்டார் என்பதை இந்தக் கோர்ட்டு ஐயமில்லாமல் காண்கிறது.

அவன் அம்மா பூக்கூடையை நகர்த்திவிட்டு, முழுசாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அவங்க பாஷையில எப்படி எழுதியிருக்குதோ அப்படியே படி தாயி" என்றார்கள். படித்தீர்கள். இன்னொரு தடவை என்றார்கள். மறுபடி படித்தீர்கள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எல்லாருக்கும் அந்த அம்மா கூடையிலிருந்து ஒவ்வொரு முழம் பூ கொடுத்தார்கள், கல்யாண வீட்டில் கொடுப்பது போல. உங்கள் தலையிலும் தனத்தின் தலையிலும் அவர்களே வைத்துவிட்டார்கள்.

நீங்கள் பாளையங்கோட்டைக்குப் போன பிறகு, பொங்கலுக்கு ஒரு கடிதமாவது வராமல் இருந்ததில்லை. கல்லூரியில் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பதாக எழுதினீர்கள். கடைசிவரை உங்களுக்கு நான் அண்ணாச்சி, எனக்கு நீங்கள் தங்கச்சி. வாங்க, போங்க என்பதை மட்டும் நான் விடவில்லை.

கைதியாக இருந்த இரண்டு குளிர்காலத்தில் எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொத்தமும் பத்துப் பன்னிரண்டு சொற்கள். எழுந்திரு, வரிசையில் நில், வேகமாக, வாயை மூடு. அவை என்னைவிட்டுப் போகவில்லை. தூக்கத்தில் அவற்றைச் சொல்லி எழுந்த நாள் உண்டு என்று தனம் சொல்வாள். நீங்கள் வடலூரில் திரும்பத் திரும்பப் படித்த அந்த வரியை, அன்று பஸ்ஸில் உங்களிடம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன். வாய் கோணிக்கொண்டு நான் சொல்ல, நீங்கள் திருத்தித் திருத்தி, குவார்ட்டர்ஸ் வருவதற்குள் படிந்துவிட்டது. நேற்று பஸ் நிறுத்தத்தில் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல் பிசகவில்லை. அந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்த ஒரே முழு வாக்கியம் அது, தங்கச்சி. அதில் ஒருவன் பெயர் இருக்கிறது.

உங்கள்
அண்ணாச்சி